வல்லை வெளிப் பனிக்கு நிறம் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் வாரவெளியீட்டில், படம் எடுக்கப் பழகுகிறவர்களுக்கான பக்கத்தில், காலைப் பனிமூட்டத்தில் எடுக்கிற படங்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. எழுதியவர் தொழில் தெரிந்தவர் என்பது இரண்டாவது பந்தியிலேயே விளங்கிவிட்டது. விடிய முதல் போய் நில்லுங்கள், முக்காலி கொண்டுபோங்கள், லென்ஸ் துடைக்கப் பழைய பருத்தித் துணி ஒன்று வைத்திருங்கள் என்று அவர் சொன்ன எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பிணக்கு கடைசிப் பந்தியில்தான். பனி நிறங்களை விழுங்கிவிடுகிறது, மிஞ்சுவது வெளிச்சமும் நிழலும் மட்டுமே, ஆகவே பனிப்படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிடுவதே முறை என்று முடித்திருந்தார். அதற்குச் சான்றாக யாழ்ப்பாணத்து வல்லை வெளியின் படம் ஒன்றையும் போட்டிருந்தீர்கள். நல்ல படம்தான். கீழே எழுதியிருந்தபடியால் அது வல்லை என்று அறிந்துகொண்டேன். புத்தூரிலிருந்து நெல்லியடிக்கு அந்த வெளியால் எத்தனையோ வருஷம் போய்வந்த எனக்கே படத்தைப் பார்த்து இடம் பிடிபடவில்லை.

அவர் தன் விருப்பம் இது என்று எழுதியிருந்தால் நான் பேசாமல் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அடுத்த பக்கம் திருப்பியிருப்பேன். முறை என்று விதித்துவிட்டார். பழகுகிற பிள்ளைகள் வாசிக்கிற பக்கம் அது. அதனால்தான் இந்தக் கடிதம்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லவேண்டும். என்னுடைய அப்பா ஸ்ரூடியோ வைத்திருந்தவர். கலர் பிலிம் இங்கே பரவ முதல், கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கையால் நிறம் பூசிக் கொடுக்கும் வேலை எங்கள் வீட்டு விறாந்தையில் நடந்தது. பள்ளிக்கூடம் முடித்த கையோடு அந்த வேலை என்னிடம் வந்தது. இப்போதைய பிள்ளைகளுக்கு இது தெரிய நியாயமில்லை. படம் மினுக்கமில்லாத கடதாசியில் அச்சாகியிருக்கவேண்டும். மினுங்குகிற கடதாசி நிறத்தைப் பிடிக்காது. முதலில் மருந்தில் போட்டுப் படத்தைக் கபில நிறத்துக்குக் கொண்டுவருவோம், அப்போதுதான் முகம் பிணம்போல இராது. பிறகு குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, நிறத்தைத் தொட்டு வைத்து, இன்னொரு பஞ்சால் அதில் முக்கால்வாசியைத் துடைத்தெடுப்போம். பூசுவதைவிடத் துடைப்பதற்குத்தான் நேரம் போகும். எவ்வளவு குறைவான நிறம் இருந்தால் கண் அதை நிறம் என்று எடுத்துக்கொள்ளும் என்பதை நான் படித்தது அங்கேதான். சேலைக்கரையில் சிவப்பு இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படுகிற அளவுக்குத் துடைத்தபிறகும், சற்றுத் தள்ளி வைத்துப் பார்த்தால் சிவப்பு நிற்கும்.

பெரும்பாலும் கலியாணப் படங்களும் செத்தவர்களின் படங்களும்தான் வரும். ஒருமுறை, வெளிநாடு போக ஆயத்தமான ஒருவர் தன்னுடைய வெங்காயத் தோட்டத்தின் படத்தைக் கொண்டுவந்து நிறம் பூசித் தரச் சொன்னார். அப்பா பூசிக் கொடுத்ததைப் படலையடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஐயா, இது எங்கட ஊர் மண் இல்லை. ஏழாலை மண் இதிலும் கொஞ்சம் மங்கல்" என்றார். அப்பா மறுபேச்சில்லாமல் பஞ்சை எடுத்தார். தோட்டம் செய்கிறவனுக்கு மண்ணின் சிவப்பு இத்தனை நுணுக்கமாகத் தெரிகிறபோது, மண்ணைப் படம் எடுக்கிறவருக்கு அது வேண்டாத சாமான் ஆனது எப்படி என்பதுதான் என் கேள்வி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஒழுங்கையில் ஒரு பெடியன் இருக்கிறான், கம்பஸில் படிக்கிறான். உங்கள் கட்டுரையை வாசித்துவிட்டு அன்றைக்குப் பின்னேரமே போனோடு வந்துவிட்டான். "அன்ரி, பேப்பரிலை சொன்னமாதிரி மாத்திப் பாத்தனான். எப்பிடி இருக்கு?" வல்லைப் பாலத்துக்கு இங்கால் நின்று, பருத்தித்துறைப் பக்கம் பார்த்து எடுத்த படம். எடுத்தபடி கலரில் ஒன்று, மாற்றினது ஒன்று. இரண்டையும் மாறிமாறிக் காட்டினான்.

கலர்ப் படத்தை விரித்துச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். விடிந்தும் விடியாத நேரம். இடக்கைப் பக்கம் தண்ணீரும் பனியும் ஒன்றாகக் கலந்து, நீலமும் சாம்பலும் சேர்ந்த ஒரு மெல்லிய நிறம். வலக்கைப் பக்கம், சூரியன் வரப்போகிற மூலையில், அந்தச் சாம்பலுக்குள் செம்மஞ்சள் ஏறத் தொடங்கியிருக்கிறது. நடுவில் தார்றோட்டு. றோட்டின் முடிவில் இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ் ஒன்று. பஸ் என்று சொல்லத்தான் வேண்டும். இரண்டு மஞ்சள் விளக்கும், அவற்றுக்கு மேலே ஒரு ரோஸ் நிறத் திட்டும்தான் இருக்கிறது. அந்த ரோஸ், பஸ்ஸின் சிவப்பு. பனிக்குள்ளால் வந்து சேரும்போது அது இவ்வளவுதான் மிஞ்சியிருக்கிறது. றோட்டோரத்தில் கிட்ட நிற்கிற பற்றையில் பச்சை நன்றாகத் தெரிகிறது. அடுத்ததில் பச்சை பாதி. அதற்கப்பால் உள்ளதில் பச்சை என்று நீங்கள் நினைத்துக்கொண்டால் பச்சை.

மாற்றின படத்தில் பஸ்ஸும் பற்றையும் ஒரே சாம்பலாகிவிட்டன. இது பெடியனின் பிழையும் இல்லை, போனின் பிழையும் இல்லை. சிவப்பும் பச்சையும் எங்கள் கண்ணுக்கு ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நிறங்களாகத் தெரிந்தாலும், இரண்டும் ஒரே அளவு வெளிச்சத்தைத் தந்தால் கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒன்றுதான். வெயிலில் எடுத்த படமென்றால் நிழல் வந்து கைகொடுக்கும். பஸ்ஸின் ஒரு பக்கம் இருட்டும், விளிம்பு வெட்டித் தெரியும். பனியில் நிழலே இல்லை. படம் முழுதும் வெள்ளைக்கும் நடுச்சாம்பலுக்கும் இடைப்பட்ட ஒரு சிறு இடுக்குக்குள் அடங்கிக் கிடக்கிறது. வெளிச்ச வேறுபாடு இத்தனை சிறுத்த இடத்தில், ஒன்றை ஒன்றிலிருந்து பிரித்துக்காட்ட மிஞ்சியிருக்கும் ஒரே சாமான் நிற வேறுபாடு. அதைத்தான் கட்டுரையாளர் முதலில் கழற்றி எறியச் சொல்கிறார். எறிந்தபிறகு படம் தட்டையாகிவிடும். அதைச் சரிக்கட்ட எல்லாரும் செய்வது கருமையைக் கூட்டுவது. பெடியனும் கூட்டியிருந்தான். அவனுடைய பனி, குப்பை எரித்த புகைபோல இருந்தது.

பனி நிறத்தை விழுங்குகிறது என்ற பேச்சையும் கொஞ்சம் பார்ப்போம். பனிமூட்டத்தில் மிதக்கிற துளி ஒன்றின் குறுக்களவு பெரும்பாலும் 10 முதல் 20 மைக்ரோமீற்றர். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமோ ஏறக்குறைய 0.4 முதல் 0.7 மைக்ரோமீற்றர்தான். துளி அவ்வளவு பெரிதாக இருப்பதால் எல்லா நிற ஒளியையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிச் சிதறடிக்கிறது, அதனால்தான் பனி வெள்ளையாகத் தெரிகிறது. வெறும் காற்றின் மூலக்கூறுகள் மிகச் சிறியவை. அவை நீலத்தை அதிகமாகச் சிதறடிக்கும், வானமும் தூரத்து மலைகளும் நீலமாகத் தெரிவது அதனால். ஆக, பனி செய்கிற வேலை எதிரே இருக்கும் நிறத்தின்மேல் வெள்ளையைக் கலப்பது. சிவப்பைப் பச்சையாக்காது, பச்சையை அழிக்காது. தூரம் கூடக் கூட வெள்ளையின் பங்கு கூடும், அவ்வளவுதான். எவ்வளவு நிறம் மிஞ்சியிருக்கிறது என்பதைப் பார்த்தே பொருள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று கண் கணக்குப் போடுகிறது.

கண்டியிலோ நுவரெலியாவிலோ இருப்பவர்களுக்கு மலைக்குப் பின்னால் மலை, அதற்குப் பின்னால் இன்னொரு மலை என்று தூரம் அடுக்கடுக்காகத் தெரியும். எங்களுக்கு மலையே கிடையாது. யாழ்ப்பாணத்தில் வெயில் ஏறினபிறகு ஒரு வெளியைப் படம் எடுத்துப் பாருங்கள், கிட்ட நிற்கிற பனையும் எட்ட நிற்கிற பனையும் ஒரே கோட்டில் ஒட்டின மாதிரி வரும். எங்கள் தரைக்கு ஆழம் கொடுப்பது மார்கழி, தை மாதத்துப் பனி ஒன்றுதான். வடகீழ்ப் பருவமழை முடிந்து நிலம் ஈரமாகக் கிடக்க, வானம் தெளிந்து, காற்றும் விழுந்துவிட்ட இரவுகளில், தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிரும். தரையோடு கிடக்கிற ஈரக்காற்றும் குளிர்ந்து துளியாகும். எட்டு மணிக்கு வெயில் அதைத் தின்றுவிடும். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். துளைக்கிற அந்தச் சில வாரங்களுக்குள் எடுத்தால்தான் உண்டு.

அந்தக் குறுகிய நேரத்துக்குள்ளும் பனி ஒரே நிறமாக இருப்பதில்லை. அதற்குச் சொந்த நிறம் கிடையாதபடியால் மேலே விழுகிற வெளிச்சத்தின் நிறத்தை அப்படியே எடுத்துக்கொள்ளும். ஆறு மணிக்கு நீலம். சூரியன் வருவது இந்த நாட்களில் ஆறரையை ஒட்டி. அப்போது தரையோடு நாவல் நிறம் கொஞ்ச நேரம் நிற்கும், மேலே செம்மஞ்சள். ஏழு தாண்டினால் வெளிறின மஞ்சள், அப்புறம் வெறும் வெள்ளை. கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து அது ஆறு மணியா ஏழரையா என்று யாராவது சொன்னால் நான் கேட்டுக்கொள்கிறேன். லண்டன் பனியை வரைய 1899க்கும் 1901க்கும் இடையில் குளோட் மொனே என்ற பிரெஞ்சு ஓவியர் பலமுறை அங்கே போயிருக்கிறார். ஒரே பாலத்தையும் ஒரே பாராளுமன்றக் கட்டடத்தையும் திரும்பத் திரும்ப வரைந்தார். நீலம், நாவல், மஞ்சள் என்று ஒவ்வொன்றிலும் நிறம் வேறு. அது நிலக்கரிப் புகை கலந்த அழுக்குப் பனி. எங்கள் பனி அதைவிடச் சுத்தம்.

நேரம் மட்டுமில்லை, இடமும் நிறத்தில்தான் இருக்கிறது. புன்னாலைக்கட்டுவன் பக்கம் தோட்டங்களின் மேல் பனி கிடக்கும்போது கீழேயிருந்து செம்மண் ஒரு இளஞ்சூட்டைக் கொடுக்கும். வெங்காயத்தாரின் பச்சை அதற்கு மேலே நூல்நூலாக நிற்கும். அதே காலையில் வல்லை வெளிக்கு வந்தால் உவர்நிலம், சாம்பல் மண், காய்ந்த புல்லின் வெளிறின மஞ்சள். நீர்வேலியில் வாழைத்தோட்டம் என்றால் பனிக்குள் ஒரு மஞ்சள்பச்சை. தனங்கிளப்புப் பக்கம் கடல்நீரேரியில் பூநாரை வந்து நிற்கிற வருஷங்களில், பனிக்குள் எட்டத்தில் ஒரு இளஞ்சிவப்புக் கோடு தெரியும். கிட்டப் போனால்தான் அது கால்களும் கழுத்துகளும் ஆகும். அந்த இளஞ்சிவப்பு, தண்ணீருக்குள் அவை தின்கிற பாசியிலும் கூனிபோன்ற சிறு உயிர்களிலும் இருந்து வருவது. கறுப்பு வெள்ளையாக்கினால் கொக்குக் கூட்டம் என்று எழுதிவிடலாம், ஒருவரும் மறுக்கமாட்டார்கள்.

இனி, கறுப்பு வெள்ளைதான் கலை என்ற எண்ணம் எங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று பார்க்கவேண்டும். ஸ்ரூடியோ வீட்டில் வளர்ந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அதில் பாதி வசதியீனம். கறுப்பு வெள்ளைப் பிலிமை 20 பாகை செல்சியஸ் அளவில், கொஞ்சம் முன்பின் ஆனாலும், வீட்டின் இருட்டறையில் கழுவிவிடலாம். 1972இல் வந்து உலகமெல்லாம் பரவின கலர் நெகற்றிவ் முறைக்கு மருந்து 37.8 பாகையில் நிற்கவேண்டும். அரைப் பாகை பிசகினாலும் நிறம் ஓடிவிடும். அதற்கு மின்சாரம் வேண்டும், மெஷின் வேண்டும். 1990இல் யுத்தத்தால் இங்கே மின்சாரம் நின்றதற்குப் பிறகு கலரைப் பற்றிப் பேச என்ன இருந்தது? எங்கள் தலைமுறைக்குக் கறுப்பு வெள்ளை பழகிப்போனது கையில் வேறு இல்லாததால். கையில் எல்லாம் இருக்கிற பிள்ளைகளுக்கு அதை அழகின் சட்டமாக எழுதிக் கொடுப்பது எனக்கு விளங்கவில்லை.

வெளியுலகிலும் கதை கிட்டத்தட்ட இதுதான். லூமியர் சகோதரர்கள் 1907இலேயே கலர்க் கண்ணாடித் தட்டை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். உருளைக்கிழங்கு மாவின் நுண்மணிகளைச் செம்மஞ்சள், பச்சை, நாவல்நீலம் என்று நிறமூட்டிக் கண்ணாடியில் பரப்பிச் செய்தது. அந்தத் தட்டுகளில் எடுத்த படங்களைப் பார்த்தால் நிறம் தூளாக, மெத்தென்று இருக்கும். பனிக்கென்றே செய்த மாதிரி. இருந்தும், கலர் விளம்பரத்துக்கும் கலியாண வீட்டுக்கும், கறுப்பு வெள்ளை கலைக்கு என்ற பிரிவினை வெகுகாலம் நின்றது. 1976இல் வில்லியம் எகில்ஸ்ரன் என்ற அமெரிக்கரின் கலர்ப் படங்களை நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகம் காட்சிக்கு வைத்தபோது விமர்சகர்கள் வைது எழுதினார்கள். இன்றைக்கு அவரைத்தான் கலர்ப் படத்துக்குக் கதவு திறந்தவர் என்கிறார்கள்.

யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரிய இன்னொரு காரணமும் உண்டு. இதை எழுதலாமா என்று யோசித்தேன், எழுதிவிடுகிறேன். வெளியிலிருந்து கமராவோடு வருகிறவர்கள் எங்களைச் சோகமாகப் பார்க்க ஆயத்தமாகவே வருகிறார்கள். தலையில்லாத ஒரு பனை, இடிந்த ஒரு சுவர், கொஞ்சம் பனி, எல்லாம் கறுப்பு வெள்ளை. பார்த்தவுடன் யுத்தம் ஞாபகம் வரவேண்டும். யுத்தம் எங்களுக்கு மறக்கவில்லை, மறக்கவும் வேண்டாம். அதற்காகத் தையில் வல்லை வெளியில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையும், மீன்பெட்டியோடு சைக்கிளில் போகிறவரும், காலை பஸ்ஸும் எல்லாமே உங்கள் கண்ணீர் அஞ்சலிப் பக்கத்துக்குப் போகிற சாயலில்தான் வரவேண்டுமா? நிறத்தைக் கழற்றினவுடன் படத்துக்கு ஒரு துக்கம் இலவசமாக வந்து சேர்ந்துவிடுகிறது. எடுத்தவர் அதற்காக ஒன்றும் உழைக்கவில்லை. உழைக்காமல் வருகிற துக்கத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கறுப்பு வெள்ளைக்கு நான் விரோதி என்று எடுத்துவிடவேண்டாம். எங்களுக்குச் சோறு போட்டது அது. லயனல் வென்ட் என்ற கொழும்புக்காரர் 1944இல் இறக்கும்வரை கறுப்பு வெள்ளையில் எடுத்த படங்களை இந்தத் தீவில் தாண்டினவர் அதிகம் இல்லை என்பது என் எண்ணம். பனியிலும் அதற்கு இடம் உண்டு. பண்ணைக் கடலில் அலையில்லாத காலையில் மீன்பிடிக்க நட்ட தடிகள் மட்டும் தண்ணீரில் நிற்க, பின்னால் ஒன்றுமே இல்லை என்றால், அங்கே உள்ளது கோடும் வெறுமையும்தான். நிறம் இருந்தும் ஒன்று, இல்லாமலும் ஒன்று. மைக்கல் கென்னா என்ற இங்கிலாந்துக்காரர் அப்படியான இடங்களைத் தேடித் தேடிக் கறுப்பு வெள்ளையில் எடுக்கிறார், பார்க்க வாயடைத்துப் போகும். அவர் முதலே அப்படிப் பார்த்துத்தான் நிற்கிறார். எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, ஒன்றும் சரிவரவில்லை, மாற்றிப் பார்ப்போம் என்று விரலால் தட்டுவது வேறு சங்கதி.

கலரை வைத்திருங்கள் என்று நான் சொன்னால், உடனே நிறத்தைக் கூட்டுகிற ஆட்களும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு இன்னும் பெரிய வழக்கு. இப்போதைய போன்கள் கேட்காமலே பனியைத் துடைத்து, வானத்தை நீலமாக்கி, புல்லைக் கிளிப்பச்சை ஆக்கிவிடுகின்றன. சிலர் அதற்கு மேலும் போய், பஸ்ஸை மட்டும் சிவப்பாக விட்டு மிச்சமெல்லாம் கறுப்பு வெள்ளையாக்குவார்கள். கலியாண அல்பங்களில் ரோசாப்பூவுக்குச் செய்கிற வேலை அது, அங்கேயே இருக்கட்டும். நான் கேட்பது இருந்த நிறத்தை இருந்த அளவில் விடுவது. கொஞ்சம் கூட்டவேண்டி வந்தால் கூட்டிவிட்டு, எங்கள் விறாந்தையில் செய்ததுபோல முக்கால்வாசியைத் துடைத்துவிடுங்கள்.

பெடியனுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்லிவைக்கிறேன், கட்டுரையில் விடுபட்டுப் போனவை இவை. பனியில் நிறமில்லை என்று பலர் நினைப்பதற்குக் கமராவே பாதிக் காரணம். வெண்சமநிலையை, அதாவது எதை வெள்ளை என்று எடுப்பது என்ற முடிவை, கமராவிடம் விட்டால் அது காலை நீலத்தைப் பிழை என்று எடுத்து அழித்துவிடும். வெயில் படம் போட்ட குறியில், அதாவது 5500 கெல்வின் அளவில், நிறுத்திவைத்தால் நீலம் நீலமாக நிற்கும். அடுத்தது வெளிச்சம். கமராவின் வெளிச்ச அளவி எதைக் கண்டாலும் அதை நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளைப் பனியைக் கண்டால் படத்தை இருட்டாக்கி ஊத்தைச் சாம்பலில் தரும், அந்த ஊத்தையில் மெல்லிய நிறங்கள் அமுங்கிப்போகும். ஒரு படி கூட்டி எடுக்கவேண்டும். முடிந்தால் ரோ (raw) கோப்பில், அதாவது கமரா பிடித்ததைச் சுருக்கி மாற்றாமல் வைத்திருக்கிற கோப்பில், எடுப்பது நல்லது. சாதாரண ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். நல்ல கமராவின் 14 பிட் ரோவில் 16,384. பனிப்படம் முழுவதும் அந்த ஏணியின் சில படிகளுக்குள் கிடப்பதால், ஜேபெக்கைக் கொஞ்சம் இழுத்தாலும் வானத்தில் பட்டைபட்டையாகக் கோடு விழும். ஏசி அறையில் கமராவை வைத்துப் படுத்துவிட்டு அப்படியே வெளியே கொண்டுபோகவேண்டாம், லென்ஸில் வேர்த்துவிடும். அதைப் பனி என்று நினைத்து எடுத்த படங்களையும் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக உங்களுக்கு, ஆசிரியர் அவர்களே. உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். பத்திரிகைக் கடதாசி வெள்ளை இல்லை, மை குடிக்கும், புள்ளிகள் ஊதிப் பருக்கும். மெல்லிய நிறங்கள் எல்லாம் சேர்ந்து சேறாகிப்போகும் என்று உங்கள் அச்சகத்தார் சொல்வார்கள். உண்மைதான். அதற்கு வழி இருக்கிறது. அச்சுக்கு அனுப்பமுதல் நடுத்தரச் சாயல்களை வழமையைவிடத் தூக்கி, கறுப்பு மையைப் பனிப்பகுதியில் குறைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். கணினித் திரையில் பார்க்க வெளிறித் தெரியும், கடதாசிக்கு வரும்போது சரியாகிவிடும். முன்பக்கமும் கடைசிப் பக்கமும் உங்களுக்கு எப்படியும் கலர்தானே. ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நகைக்கடை விளம்பரத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்தால் கால்பக்கம் கிடைக்கும். படத்தின் கீழே இடத்தோடு நேரத்தையும் போடுங்கள்.

பெடியனின் சம்மதத்தோடு அவனுடைய கலர்ப் படத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன், மாற்றினதை அவன் அழித்துவிட்டான். விரும்பினால் பிரசுரியுங்கள். கலர்ப் பக்கத்தில் இடம் கிடைக்கும்வரை வைத்திருந்தாலும் பரவாயில்லை, மாசி கழிந்து போட்டாலும் குறை சொல்லமாட்டோம். உள்பக்கத்தில் கறுப்பு வெள்ளையாக்கிப் போடுவதென்றால் மட்டும் தயவுசெய்து போடவேண்டாம்.

இப்படிக்கு,
பழைய ஸ்ரூடியோக்காரரின் மகள்,
புத்தூர்.